தினமும் ஓட்டும் பழைய கார்: எஞ்சின், ஹெட்லைட் மாற்றங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வயதைத் தாண்டிய ஒரு காரைத்தான் நான் தினமும் ஓட்டுகிறேன். மாற்று வண்டி கிடையாது. அதில் நானே சில வேலைகள் செய்திருக்கிறேன் என்று தெரிந்ததும் பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன். ஷெட்டில் மூடி வைத்து எப்போதாவது வெளியே எடுக்கிற வண்டிக்கு இதில் பாதி பொருந்தாது. நாளைக் காலை சாவியைத் திருப்பினால் கிளம்பியாக வேண்டும் என்கிற வண்டிக்கானது இது.

வண்டியில் பிக்கப்பே இல்லை. எதை மாற்றினால் பவர் கூடும்?

முதலில் எதையும் மாற்ற வேண்டாம். புதிதில் 60 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின் இன்று 48தான் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேடுகிற 12 குதிரைத்திறன் வண்டிக்குள்ளேயே எங்கோ சிக்கிக் கிடக்கிறது. சின்ன எஞ்சினுக்கு வாங்கிப் பூட்டுகிற ஃபில்டரோ சைலன்சரோ அவ்வளவு தராது.

எங்கே சிக்கியிருக்கும்? ஸ்பார்க் பிளக், பிளக் வயர், அடைத்துப்போன ஃபியூயல் ஃபில்டர், வெடித்த வேக்யூம் ஹோஸ், தள்ளிப்போன இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), வருடக்கணக்கில் தொடாத டாப்பெட் (வால்வை அழுத்தும் பாகம்) இடைவெளி. எஞ்சினுக்கு வெளியேயும் திருட்டு நடக்கும். ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றிவிட்ட சக்கரம் உடனே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையா? கிளட்ச் வழுக்குகிறது.

ஒரு நண்பர் பெரிய எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்தார். அவரை சீட்டில் உட்காரச் சொல்லி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொன்னேன். நான் பானெட்டைத் திறந்து த்ராட்டிலைப் பார்த்தேன். முக்கால்வாசிதான் திறந்தது. கேபிள் நீண்டுபோயிருந்தது, அதோடு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட் போட்டிருந்ததால் பெடல் தரையைத் தொடவே இல்லை. மேல் மேட்டை உருவி எடுத்து, கேபிள் நட்டை நான்கு சுற்று முறுக்கியதும் வண்டி ஆளே மாறிவிட்டது. எக்ஸாஸ்ட் பணத்தில் அவர் டயர் மாற்றினார்.

எஞ்சின் இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யுங்கள், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பது. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு, இக்னிஷனையும் பெட்ரோல் வருவதையும் துண்டித்து, ஒரு சிலிண்டரில் கேஜைப் பொருத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். மிதிக்க மறந்தால் காற்று உள்ளே வராமல் எல்லா சிலிண்டரும் குறைவாகவே காட்டும், வீணாகப் பயந்துவிடுவீர்கள்.

பெட்ரோல் எஞ்சின்களில் பெரும்பாலும் 140 முதல் 180 பி.எஸ்.ஐ. வரை வரும். உங்கள் எஞ்சினுக்கு உரிய எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். நான் முதலில் பார்ப்பது சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத்தான். நான்கும் 145 என்றால் எஞ்சின் சமமாகத் தேய்ந்திருக்கிறது, இன்னும் பல வருடம் ஓடும். மூன்று 165, ஒன்று 110 என்றால் அந்த ஒன்றில் கோளாறு. அதற்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகப்பட வேண்டும்.

டீசலுக்கு இந்த கேஜ் வேண்டாம். அங்கே அழுத்தம் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும், அதற்கு வேறு கேஜ்.

இந்தப் பரிசோதனையில் தேறாத எஞ்சினுக்கு எந்தப் பவர் பார்ட்டும் வாங்காதீர்கள். அந்தப் பணம் ரிங் மாற்றவும் வால்வு கிரைண்டிங்குக்கும் போகட்டும். போர் போட்டு, ஹெட்டைச் சரி செய்து பூட்டிய பழைய எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் தெரியும், அதுவே பெரிய அப்கிரேடுதான்.

திறந்த கோன் வகை ஏர் ஃபில்டர் போட்டால் பவர் கூடுமா?

சத்தம் நிச்சயம் கூடும். எஞ்சின் காற்றை இழுக்கும் சத்தம் கேபினுக்குள் கேட்பதால் வண்டி பறப்பதுபோல் தோன்றும். ஆனால் கம்பெனி ஏர் பாக்ஸ் பெரும்பாலும் பம்பர் பக்கத்திலிருந்தோ ஃபெண்டர் உள்ளிருந்தோ குளிர்ந்த காற்றை எடுக்கும்படி செய்யப்பட்டது. அதைக் கழற்றிவிட்டு ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு கோனை மாட்டினால், எஞ்சின் தன் சூட்டையே தான் சுவாசிக்கும். காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். டிராஃபிக்கில் பானெட்டுக்குள் சூடு 30, 40 டிகிரி கூடவே இருக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஏர் பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு நல்ல பேப்பர் ஃபில்டர் போடுவதே போதும். காற்று வரும் குழாய் கழன்றோ கிழிந்தோ இருந்தால் அதைச் சரி செய்யுங்கள். பல பழைய வண்டிகளில் அந்தக் குழாயே காணாமல் போயிருக்கும்.

எக்ஸாஸ்ட்?

நல்ல ஹெடரும் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் முதல் குழாய்த் தொகுதி) அளவான குழாயும் உண்மையிலேயே கொஞ்சம் தரும். கடைசி சைலன்சரை மட்டும் மாற்றினால் சத்தத்தைத் தவிர பெரிதாக ஒன்றும் மாறாது. பெரிய குழாய் என்றால் பெரிய பவர் என்று நினைப்பதும் தவறு. சின்ன எஞ்சினுக்கு அகலமான குழாய் போட்டால் புகை வெளியேறும் வேகம் குறைந்து கீழ் ஆர்பிஎம்மில் இழுவை செத்துவிடும். தினமும் ஓட்டும் வண்டிக்கு வேண்டியதே அந்த இழுவைதான். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அடைத்துப் போயிருந்தால் புதிது மாற்றுங்கள், அதிலேயே பிக்கப் திரும்பிவிடும்.

பாயின்ட் செட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

தாராளமாக. கார்புரேட்டர் காலத்து வண்டியில் நான் முதலில் சொல்லும் மாற்றமே இதுதான். இதனால் உச்ச பவர் அதிகரிக்காது. பாயின்ட் என்பது இக்னிஷன் காயிலின் கரண்டை வெட்டி வெட்டிப் பொறி எழுப்பும் சின்ன சுவிட்ச். அது தேயத் தேய அதன் இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். எலக்ட்ரானிக்கில் தேய்வதற்கு எதுவும் இல்லாததால் வைத்த டைமிங் வைத்த இடத்தில் நிற்கும். குளிர்ந்த காலையில் முதல் செல்ஃபிலேயே பிடிக்கும். கழற்றிய பாயின்ட் செட்டையும் கண்டென்சரையும் ஒரு சின்ன பையில் போட்டு டூல் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் பாகம் செத்தால் சொல்லாமல் கொள்ளாமல் சாகும். பாயின்ட்டோ ரோட்டோரத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

ஈசியூ ரீமேப் செய்தால்?

ஈசியூ என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், ரீமேப் என்றால் அதன் மென்பொருளை மாற்றுவது. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) உள்ள எஞ்சின் என்றால் 20, 30 சதவீதம்கூடக் கிடைக்கும். டர்போ இல்லாத எஞ்சினில் 5 முதல் 10 சதவீதம் கிடைத்தாலே பெரிது. உள்ளே போகும் காற்று மாறாதபோது மென்பொருளால் என்ன செய்ய முடியும்? டைமிங்கைக் கொஞ்சம் முன்தள்ளலாம், அவ்வளவுதான். முன்தள்ளினால் நாக்கிங் வரும் அபாயமும் கூடவே வரும். ஏற்றத்தில் மிதிக்கும்போது டப்பாவில் கூழாங்கல் குலுக்குகிற மாதிரி சத்தம் கேட்டால் அதுதான் நாக்கிங். அந்தச் சத்தத்தோடு ஓட்டினால் பிஸ்டன் உடையும்.

பழைய எஞ்சினுக்கு டர்போ பொருத்தலாமா?

பொருத்த முடியும். தினமும் ஓட்டும் வண்டியில் செய்யாதீர்கள்.

காரணம் கேட்பவர்களுக்கு: 0.5 பார் அழுத்தம் கொடுத்தாலே சிலிண்டருக்குள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று போகும். அதற்கேற்ற பெட்ரோலுக்குப் பெரிய இன்ஜெக்டரும் பம்பும் வேண்டும். டர்போ இல்லாமல் வடிவமைத்த எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) 9.5, 10 என்று இருக்கும். அதன் மேல் அழுத்தமும் சேர்ந்தால் நாக்கிங் வரும். அதைத் தடுக்க இன்டர்கூலரும் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) புது டியூனிங்கும் வேண்டும். பிறகு கிளட்ச் தாங்காது, கிளட்சை மாற்றினால் கியர்பாக்ஸ் முனகும், ரேடியேட்டர் பத்தாது, இருபது வருட ஹெட் கேஸ்கெட் தன் வேலையைக் காட்டும். ஒன்றை இழுத்தால் பின்னாலேயே பத்து வரும். இவ்வளவும் முடிகிற வரை நீங்கள் பஸ்ஸில் போவீர்கள்.

அப்படியானால் பெரிய எஞ்சினாகவே மாற்றிவிட்டால் என்ன?

டர்போவைவிட இது எனக்குப் பிடிக்கும், ஒரு நிபந்தனையோடு. அதே மாடலில் கம்பெனியே விற்ற பெரிய எஞ்சினாக இருக்க வேண்டும். உங்களுடையது 1.3 லிட்டர், அதே பாடியில் 1.6 லிட்டரும் வந்தது என்றால், எஞ்சின் மவுன்ட், ஆக்ஸில், ரேடியேட்டர், வயரிங் எல்லாவற்றுக்கும் கம்பெனியே விடை கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அந்த வண்டியின் பிரேக்கையும் சேர்த்தே வாங்குங்கள். முடிந்தால் அடிபட்ட முழு வண்டி ஒன்றையே வாங்கி, அதிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிக்கொள்வது நல்லது. தனித்தனியாகத் தேடினால் கடைசியில் ஒரு சின்ன பிராக்கெட் கிடைக்காமல் மாதக்கணக்கில் நிற்கும்.

வேறு கம்பெனி எஞ்சினைத் திணிப்பது வேறு கதை. மவுன்ட் வெல்டிங் செய்ய வேண்டும், வயரிங்கை இரண்டு வண்டியிலிருந்தும் கலந்து தைக்க வேண்டும். பிறகு எந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்தாலும் முதலில் சிரிப்பார், அப்புறம் மூடிவிடுவார்.

எஞ்சினை மட்டும் பலப்படுத்தினால் போதுமா?

போதாது. நகரும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்த வேண்டிய வண்டியை 100இல் நிறுத்தும்போது பிரேக் 56 சதவீதம் அதிக வேலை செய்ய வேண்டும். வேகம் 25 சதவீதம்தான் கூடியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லையென்றால், எஞ்சின் பக்கம் போவதற்கு முன் அதை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் சூட்டில் கொதித்து பெடல் கீழே போய்விடும். ரப்பர் ஹோஸ், டயர், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

பெரிய வீல் போடுவது பிக்கப்பைப் பாதிக்குமா?

ஆமாம். டயரின் மொத்த விட்டம் 5 சதவீதம் கூடினால் எல்லா கியரும் 5 சதவீதம் நீண்ட மாதிரி ஆகிவிடும். வண்டி மந்தமாகும், ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். பவருக்குப் பணம் செலவழித்துவிட்டு அதையே வீலில் தொலைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஹெட்லைட்டுக்கு வருவோம். வெளிச்சம் மங்கல். பல்ப் மாற்றினால் சரியாகிவிடுமா?

எனக்கு ஆகவில்லை. இரண்டு முறை பல்ப் மாற்றினேன். மூன்றாவது தடவை மல்டிமீட்டரை எடுத்தேன். எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியில் அளந்தால் 13.9 வோல்ட். ஹெட்லைட்டைப் போட்டு, எரியும் பல்பின் சாக்கெட்டில் அளந்தால் 11.8. இரண்டு வோல்ட் நடுவழியில் காணோம்.

ஃபிலமென்ட் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்க்கோட்டில் குறையாது, தோராயமாக 3.4ஆம் அடுக்கில் குறையும். வோல்டேஜ் 10 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். என் வண்டியில் 15 சதவீதம் இறங்கியிருந்தது, அதாவது வெளிச்சத்தில் கிட்டத்தட்ட 42 சதவீதம் போச்சு. எந்த விலை உயர்ந்த பல்பும் அதை ஈடு செய்யாது.

காணாமல் போனதைத் தேட மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை பல்பின் பிளஸ்ஸிலும், லைட் எரியும்போதே, வையுங்கள். காட்டும் எண்தான் பிளஸ் வழியில் தொலைவது. அதே மாதிரி பல்பின் எர்த்துக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் இடையே அளந்தால் எர்த் வழியில் தொலைவது தெரியும். எனக்கு எர்த்திலேயே 0.9 வோல்ட் போய்க்கொண்டிருந்தது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் பாடியில் திருகியிருந்த எர்த் போல்ட்டைக் கழற்றினேன். வளையத்துக்கு அடியில் பச்சைப் பூஞ்சை மாதிரி ஒரு படலம், அதன் அடியில் பொரிப்பொரியாகத் துரு. உப்புத்தாளால் பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, புது வளையம் அழுத்தி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவி முறுக்கினேன். மறுபடி அளந்தால் 0.1. செலவு என்று பார்த்தால் ஒரு உப்புத்தாள்.

மிச்சம் ஒரு வோல்ட் எங்கே போனது?

பிளஸ் வழியில். பல பழைய வண்டிகளில் ஹெட்லைட் கரண்ட் பேட்டரியிலிருந்து கிளம்பி, டாஷ்போர்டுக்குள் புகுந்து, லைட் சுவிட்சையும் டிம் சுவிட்சையும் கடந்து, மெல்லிய வயரில் மறுபடி முன்பக்கம் வருகிறது. 55 வாட் பல்ப் இரண்டு எரிந்தால் 9 ஆம்ப் அளவுக்கு ஓடும். அந்த வயருக்கும் தேய்ந்த சுவிட்சுக்கும் அது பாரம். ரிலே (சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டால் தீரும்.

ரிலே வயரிங் நானே செய்யலாமா?

வயர் நுனியை ஒழுங்காக அழுத்தத் தெரிந்தால் செய்யலாம். டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். 30க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த வயர். 87இலிருந்து பல்புக்கு. 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலின் முனைகள்: ஒன்றுக்கு எர்த், மற்றொன்றுக்குப் பழைய ஹெட்லைட் வயர். இப்போது பழைய சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்புகிற வேலையை மட்டும் செய்கிறது. பல்புக்கான கரண்ட் நேராக பேட்டரியிலிருந்து வருகிறது. சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தை வெட்டும். வயர் இழுப்பதற்கு முன் அதை மீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழம்பிப்போவீர்கள்.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் போதும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் உரசி பாடியில் பட்டால் தடுக்க யாருமில்லை, நேராகத் தீதான். டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் வையுங்கள், ஒன்று போனாலும் மற்றொன்றை வைத்து வீடு வந்து சேரலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: வோல்டேஜ் சரியானதும் பல்ப் சீக்கிரம் போகும். வோல்டேஜ் 5 சதவீதம் கூடினால் ஃபிலமென்டின் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகும். இத்தனை நாள் பல்ப் அரை வயிற்றுக் கஞ்சியில் நீடித்திருந்தது, அவ்வளவுதான்.

100 வாட் பல்ப் போட்டால் ரிலே தேவைப்படாதே?

100 வாட்டுக்குத்தான் ரிலே இன்னும் அவசியம். அதுவும் போட்டாலும் சூட்டில் சாக்கெட் உருகும், பிளாஸ்டிக் ஹெட்லைட்டில் ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு புகைந்து கருக்கும். எதிரே வருபவரின் கண்ணையும் கூசும். வேண்டாம்.

எல்இடி பல்ப் வாங்கி ஹாலஜன் ஹெட்லைட்டில் மாட்டலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை.

1971இல் வந்த எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு ஃபிலமென்ட். டிம் ஃபிலமென்டுக்கு அடியில் கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். அது வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் மறைக்கிறது. மேல்பாதியில் பட்ட வெளிச்சம் மட்டும் சாய்ந்து ரோட்டில் விழும். அந்தத் தகட்டின் விளிம்புதான் டிம்மில் சுவரில் தெரிகிற கோடு. ஃபிலமென்ட் ஒரு மில்லிமீட்டர் முன்பின் நகர்ந்தாலே கோடு கலைந்துவிடும். எல்இடி பல்பில் ஒளி வருவது மெல்லிய பலகையின் இரண்டு பக்கம் ஒட்டிய சிப்களிலிருந்து. அதன் உருவமும் வேறு, ஒளி பரவும் விதமும் வேறு. விளைவு: வண்டிக்கு முன்னால் பத்து மீட்டரில் பகல் மாதிரி வெளிச்சம், தூரத்தில் இருட்டு, எதிரே வருபவர் கண்ணில் ஊசி. கிட்டத்தில் அதிக வெளிச்சம் விழுந்தால் உங்கள் கண்மணி சுருங்கி, தூரம் இன்னும் மங்கலாகும். ஆனால் ஓட்டுகிறவருக்கு 'சூப்பராகத் தெரிகிறது' என்றே தோன்றும்.

சில நாடுகளில் குறிப்பிட்ட எல்இடி பல்பைக் குறிப்பிட்ட கார் மாடலில் சோதித்துப் பார்த்து அனுமதிக்கிறார்கள். உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் இருந்தால் மகிழ்ச்சி. எல்இடிதான் வேண்டும் என்றால் முழு ஹெட்லைட் யூனிட்டாக, உங்கள் ஊர் சாலைக்கு அங்கீகாரம் பெற்றதாக வாங்குங்கள். 1940இல் அமெரிக்காவில் நிலையான அளவாக வந்த 7 அங்குல வட்ட ஹெட்லைட் உள்ள வண்டிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்த அளவுக்குத் தரமான எச்4 யூனிட்டும் எல்இடி யூனிட்டும் இன்றும் கிடைக்கின்றன, கழற்றி மாட்டிவிடலாம். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் லென்ஸ் வேறு. அதைப் பார்த்து வாங்க வேண்டும், மாற்றி வாங்கினால் வெளிச்சக் கோட்டில் ரோட்டோரப் பக்கம் மேலே ஏற வேண்டிய பகுதி எதிரே வருபவர் முகத்தில் ஏறும்.

எச்ஐடி கிட்?

எச்ஐடி என்பது ஃபிலமென்ட் இல்லாமல் வாயுவுக்குள் மின்பொறி எரியும் விளக்கு. மேலே சொன்ன அதே கோளாறு, மூன்று மடங்கு வெளிச்சத்தோடு. எச்4 டிம் 1000 லூமென் (வெளிச்சத்தின் அளவு), எச்ஐடி 3000க்கு மேல். ஐரோப்பிய விதிகள் 2000 லூமெனுக்கு மேற்பட்ட ஹெட்லைட்டுக்குத் தானாகத் தாழ்ந்துகொள்ளும் அமைப்பும் கண்ணாடி கழுவும் பீச்சியும் வேண்டும் என்று வைத்ததே அதனால்தான்.

வெள்ளையாக, நீலமாக எரியும் ஹாலஜன் பல்ப் நல்லதா?

சாதாரண ஹாலஜன் 3200 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) அளவில் இளமஞ்சளாக எரியும். நீலப் பூச்சு பூசினால் வெள்ளையாகத் தெரியும், ஆனால் அந்தப் பூச்சு வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது. மழையில் நனைந்த ரோட்டில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பூச்சில்லாத, பெயர்பெற்ற கம்பெனியின் 60/55 வாட் பல்ப் போதும்.

ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. டூத்பேஸ்ட் தேய்க்கலாமா?

தேய்த்தால் சில வாரம் நன்றாக இருக்கும். அது கண்ணாடி கிடையாது, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே இருந்த புற ஊதாப் பாதுகாப்புப் பூச்சு வெயிலில் உதிர்ந்துவிட்டது, அதனால் மஞ்சளாகிறது. தண்ணீர் விட்டபடி 800, 1500, 2000, 3000 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதா தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். கடைசிப் படியைத் தவிர்த்தால் வேலை அத்தனையும் வீண். 800இல் தேய்த்ததும் லென்ஸ் பால் மாதிரி வெளுத்துவிடும், கெடுத்துவிட்டோமோ என்று பயமாக இருக்கும். தொடர்ந்து தேயுங்கள், தெளிந்துவிடும்.

உள்ளே ரிஃப்ளெக்டர் கருத்தோ உரிந்தோ இருந்தால் யூனிட்டையே மாற்றுவதுதான் வழி. அலுமினிய ஃபாயில் ஒட்டிப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன்.

ஹெட்லைட் உயரத்தை வீட்டிலேயே சரி செய்ய முடியுமா?

முடியும். சமதளமான இடம், எதிரே ஒரு சுவர். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், பாதி டேங்க் எரிபொருள், ஓட்டுநர் சீட்டில் ஒருவர். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, ஹெட்லைட்டின் மையம் படும் உயரத்தில் டேப் ஒட்டுங்கள். பிறகு நேராக 10 மீட்டர் பின்னால் கொண்டுபோய் டிம் போடுங்கள். வெளிச்சக் கோடு அந்த டேப்புக்குக் கீழே சுமார் 10 சென்டிமீட்டரில் விழ வேண்டும், அதாவது 1 சதவீதம் இறக்கம். ஹெட்லைட்டிலேயே 1.2, 1.3 சதவீதம் என்று பொறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். 5 மீட்டர்தான் இடம் இருக்கிறதா, அளவும் பாதி. ஒன்றைத் துணியால் மூடிவிட்டு மற்றொன்றைத் திருப்புங்கள்.

பல்ப் மாற்றினாலும், ஸ்பிரிங் மாற்றினாலும், எதற்காகவாவது ஹெட்லைட்டைக் கழற்றினாலும் இதை மறுபடி செய்ய வேண்டும். புதிதாக எதையும் வாங்காமலே ராத்திரிப் பார்வையை மாற்றுகிற வேலை இது.

ஆல்டர்னேட்டர் தாங்குமா?

ஆல்டர்னேட்டர் என்பது ஓடும் எஞ்சினிலிருந்து மின்சாரம் தயாரிக்கும் கருவி. ரிலே போட்டு அதே வாட் பல்ப் என்றால் கவலை வேண்டாம். கூடுதல் ஃபாக் லைட், எலக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேன், பெரிய ஆம்ப்ளிஃபயர் என்று சேர்த்துக்கொண்டே போனால் கணக்குப் பார்க்க வேண்டும். பழைய கார்களில் 35, 45 ஆம்ப் ஆல்டர்னேட்டர் சாதாரணம், ஐடிலில் அதுவும் முழுதாகக் கிடைக்காது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஐடிலில் பேட்டரியை அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியிலிருந்து கடன் வாங்கி ஓடுகிறது. பெரிய ஆல்டர்னேட்டர் போட்டால் அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் வயரையும் தடிமனாக்குங்கள், இல்லையென்றால் பழைய வயர் ஹீட்டர் கம்பியாகிவிடும்.

சட்டம், இன்ஷூரன்ஸ் விஷயங்கள்?

நாட்டுக்கு நாடு மாறும். பழுது பார்ப்பதற்கும் பழையபடி ஆக்குவதற்கும் பொதுவாகத் தடை இல்லை. எஞ்சின் மாற்றம், புகை அளவை மாற்றும் எதுவும், அங்கீகாரம் இல்லாத விளக்கு, இந்த மூன்றில்தான் சிக்கல் வரும். எஞ்சின் எண் பதிவில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். வேலை தொடங்கும் முன்பே பதிவு அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துவிடலாமா?

கூடாது. ஒரு வேலை, பிறகு ஒரு வாரம் ஓட்டம், பிறகு அடுத்த வேலை. ஒரே நாளில் கார்புரேட்டர், இக்னிஷன், வயரிங் மூன்றையும் தொட்டுவிட்டு மறுநாள் வண்டி கிளம்பவில்லையென்றால் எதைச் சந்தேகப்படுவீர்கள்? நான் ஒருமுறை அப்படிச் செய்து இரண்டு நாள் டிஸ்ட்ரிபியூட்டரைக் குடைந்தேன். கடைசியில் பார்த்தால், ரிலே வயரிங் செய்யும்போது பேட்டரி டெர்மினலை முறுக்க மறந்திருக்கிறேன்.

வேலையை வார இறுதியின் முதல் நாள் காலையில் ஆரம்பியுங்கள். கடை திறந்திருக்கும், கெட்டுப்போனால் சரி செய்ய இன்னொரு நாள் மிச்சம் இருக்கும்.

கழற்றிய பழைய பாகங்களை என்ன செய்வது?

வைத்திருங்கள். ஏர் பாக்ஸ், பழைய ஹெட்லைட் யூனிட், பிராக்கெட், திருகு எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில். ஒவ்வொன்றிலும் எந்த இடத்துப் பாகம், எந்தத் தேதியில் கழற்றியது என்று துண்டுச்சீட்டு எழுதி ஒட்டுங்கள். வருடாந்திரச் சோதனையில் ஏதாவது ஒன்றை மாற்றச் சொன்னாலோ, வண்டியை விற்கும்போது வாங்குபவர் ஒரிஜினல் கேட்டாலோ உதவும். என் பெட்டியில் 'இடது ஹெட்லைட், கீழ்த் திருகு' என்று எழுதிய ஒரு பொட்டலம் நான்கு வருடமாக இருக்கிறது. அந்தத் திருகு இல்லாமலேதான் ஹெட்லைட் நான்கு வருடமாக ஆடாமல் நிற்கிறது. சரியாக எந்தத் துளையிலிருந்து வந்தது என்று இன்னும் தெரியவில்லை, ஆனாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை.